செல் பாடத்துக்கு நோட்ஸ் எடுப்பது எப்படி? செல் முதல் உயிரினம் வரை முழுமையான வழிகாட்டி

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்ற வரி இல்லாத உயிரியல் நோட்டைப் பார்ப்பது அரிது. அதே நோட்டை மூடிவைத்துவிட்டு, "வெங்காயச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் மாணவர்களும் தயங்குவார்கள். விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்குப் பசுங்கணிகம் என்று மனத்துக்குள் பாகம் பிரித்து வைத்திருப்பார்கள். வரையறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். எது எதற்குள் இருக்கிறது, எது எவ்வளவு பெரியது, எது யாரிடம் இல்லை என்பதெல்லாம் அந்த நோட்டில் எங்குமே இருக்காது.

செல் பாடம் இடங்களையும் அளவுகளையும் பற்றிய பாடம். அதற்கு எடுக்கும் நோட்ஸும் ஊர் வரைபடம் போல இருக்க வேண்டும். கீழே சொல்லும் முறை 9 முதல் 11-ஆம் வகுப்பு வரை பொருந்தும். நீட் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதே நோட்டை விரிவாக்கிக்கொள்ளலாம்.

படி 1: நோட்டும் பக்க அமைப்பும்

ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை என்று வரும் நோட்டு வாங்குங்கள். இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. கோடு போட்ட பக்கத்தில் எழுத்து, எதிரே இருக்கும் வெள்ளைப் பக்கத்தில் படம். படமும் விளக்கமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

கோடு போட்ட பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். இடது ஓரத்தில் 5 அல்லது 6 செ.மீ. அகலத்துக்கு ஒரு பத்தி விடுங்கள். அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு கட்டம். மீதி இடம் வகுப்பில் எழுதுவதற்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் வகுத்த முறை இது. அதனால் கார்னெல் முறை என்பார்கள். வகுப்பு நடக்கும்போது இடது பத்தியிலும் அடிக்கட்டத்திலும் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. அவை மாலை வேலைக்கு. பலர் இடம் வீணாகிறதே என்று வகுப்பிலேயே அங்கும் நிரப்பிவிடுகிறார்கள். அப்போது முறை முழுவதுமே பயனில்லாமல் போகிறது.

எழுத நீலம், தலைப்புக்குக் கறுப்பு, படத்துக்கு எச்பி பென்சில், ஒரு ஸ்கேல் போதும். ஐந்தாறு வண்ணப் பேனா எடுத்தால் பேனா மாற்றும் நேரத்தில் இரண்டு வாக்கியம் தவறிவிடும்.

முந்தைய நாள் பத்து நிமிடம் பாடநூலைப் புரட்டி, தலைப்புகளை மட்டும் இடைவெளி விட்டு எழுதிவையுங்கள். தெரியாத சொற்களைக் கடைசிப் பக்கத்தில் பட்டியலிடுங்கள். இங்கே ஒரு சிக்கல் கட்டாயம் வரும். தமிழ்நாட்டுப் பாடநூலில் செல், திசு, உட்கரு, சைட்டோபிளாசம் என்று படிக்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இவையே கலம், இழையம், கரு, குழியவுரு. மைட்டோகாண்ட்ரியா அங்கே இழைமணி, பசுங்கணிகம் பச்சையவுருமணி, செல்லின் நுண்குமிழ் புன்வெற்றிடம். இரண்டுமே நல்ல தமிழ், இரண்டுமே சரி. இணையத்தில் தமிழில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். அதனால் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் மட்டும் உங்கள் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள்.

படி 2: முதல் பக்கத்தில் ஏணி

செல்லின் படத்தோடு தொடங்காதீர்கள். முதல் பக்கத்தில் ஒரு ஏணி வரையுங்கள். கீழிருந்து மேலாக: அணு, மூலக்கூறு, செல் நுண்ணுறுப்பு, செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரினம். செல் என்ற படியை மட்டும் தடித்த கோட்டால் போடுங்கள், ஏனெனில் உயிர் என்று சொல்லத்தக்க மிகச் சிறிய அலகு அதுதான். அதற்குக் கீழுள்ள எதுவும் தனியாக வாழாது.

இந்த ஏணியைப் பெயர்களோடு விட்டுவிட்டால் அது மனப்பாட வரிசைதான். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரே உறுப்பின் எடுத்துக்காட்டைத் தொடர்ச்சியாக எழுதுங்கள். இரைப்பை நல்ல தேர்வு. அமிலம் சுரக்கும் செல் ஒரு படி. அப்படிப்பட்ட செல்கள் சேர்ந்த உட்புற எபிதீலியத் திசு அடுத்த படி. அதோடு உணவைக் கடையும் தசைத் திசு, இவற்றைப் பிணைக்கும் இணைப்புத் திசு, இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புத் திசு எல்லாம் சேர்ந்து இரைப்பை என்ற உறுப்பு. வாய், உணவுக்குழல், குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றோடு சேர்ந்தால் செரிமான மண்டலம். விலங்குகளின் நான்கு வகைத் திசுக்களும் இரைப்பை ஒன்றிலேயே இருப்பதால், "உறுப்பு என்பது பலவகைத் திசுக்களின் கூட்டு" என்ற வரையறையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தாவரத்துக்கும் கட்டாயம் ஒரு ஏணி போடுங்கள். பாலிசேட் செல் (இலையின் மேற்புறத் தோலுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் நீண்ட செல்), அவை சேர்ந்த பாலிசேட் பாரன்கைமாத் திசு, இலை, தண்டுத் தொகுப்பு, வேப்ப மரம். இலை ஓர் உறுப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுப்பு என்றதும் இதயமும் நுரையீரலும்தான் நினைவுக்கு வருகின்றன.

ஏணிக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும் இடங்களையும் குறித்துவிடுங்கள். இரத்தம் உறுப்பல்ல, திசு. திரவமாக இருந்தாலும் இணைப்புத் திசு வகையைச் சேர்ந்தது. தோல் திசுவல்ல, உறுப்பு. அமீபாவில் செல் என்பதும் உயிரினம் என்பதும் ஒன்றே. நடுவிலுள்ள மூன்று படிகளும் அதற்கு இல்லை. விலங்குகள் எல்லாமே ஏணியின் உச்சிவரை ஏறியவை அல்ல. கடற்பஞ்சுகள் செல் அளவிலான ஒருங்கமைவோடு நிற்கின்றன. ஹைட்ரா, ஜெல்லி மீன் போன்ற குழியுடலிகள் திசு அளவை எட்டியவை. தட்டைப்புழுக்களில் உறுப்பு அளவு தொடங்குகிறது. இந்த மூன்று வரியும் 11-ஆம் வகுப்பு விலங்குலக வகைப்பாட்டில் அப்படியே திரும்ப வரும். 9-ஆம் வகுப்பிலேயே ஏணியில் எழுதியிருந்தால் அங்கே புதிதாகப் படிக்க ஒன்றும் இருக்காது.

படி 3: அளவுக்கோடு

ஏணிக்கு எதிரே இருக்கும் வெள்ளைப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். மேலே எழுத வேண்டியது: 1 மில்லிமீட்டர் = 1000 மைக்ரோமீட்டர்; 1 மைக்ரோமீட்டர் = 1000 நானோமீட்டர். பிறகு பெரியதிலிருந்து சிறியதாக:

- மனித அண்டசெல்: சுமார் 100 மைக்ரோமீட்டர்
- கன்னத்தின் உட்புறச் செல்: சுமார் 60 மைக்ரோமீட்டர்
- இரத்தச் சிவப்பணு: 7 முதல் 8 மைக்ரோமீட்டர்
- ஈ.கோலை பாக்டீரியா: நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர்
- மைட்டோகாண்ட்ரியா: அகலம் 0.5 முதல் 1 மைக்ரோமீட்டர்
- ரைபோசோம்: 20 முதல் 30 நானோமீட்டர்
- பிளாஸ்மா சவ்வு (செல் சவ்வு): தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர்

இப்போது இரண்டு குறுக்குக் கோடுகள் போட வேண்டும். அண்டசெல்லுக்குச் சற்றுக் கீழே ஒன்று: வெறும் கண்ணின் எல்லை, ஏறத்தாழ 0.1 மி.மீ. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ரைபோசோமுக்கும் நடுவே இன்னொன்று: ஒளி நுண்ணோக்கியின் எல்லை, ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர். அதற்குக் கீழுள்ளவற்றைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

செய்முறைத் தேர்வில் வெங்காயத் தோலைப் பார்த்து வரைந்த படத்தில் ரைபோசோமைக் குறித்துவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள், இந்த இரண்டாவது கோட்டை நோட்டில் போடாதவர்கள்தான். வரலாறும் இந்தக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 1665-இல் தக்கைச் சீவலில் இராபர்ட் ஹூக் பார்த்தது இறந்த செல்களின் சுவர்களை மட்டுமே. 1831-இல் இராபர்ட் பிரௌன் உட்கருவை விவரித்தார். 1838-இல் தாவரங்களுக்கு ஷ்லைடனும், 1839-இல் விலங்குகளுக்கு ஷ்வானும் செல் கொள்கையை முன்வைத்தார்கள். செல்லிலிருந்தே செல் தோன்றும் என்பதை 1855-இல் விர்ச்சோ சேர்த்தார். இவை அனைத்தும் ஒளி நுண்ணோக்கியின் காலத்தவை. ரைபோசோம் பற்றிய செய்தி 1950-களில்தான் வருகிறது, ஏனெனில் எலக்ட்ரான் நுண்ணோக்கி உருவானதே 1931-இல்.

அதே பக்கத்தின் மூலையில் ஒரு சிறு கணக்கையும் எழுதுங்கள். பக்கம் 1 அலகுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1, விகிதம் 6. பக்கம் 2 என்றால் பரப்பு 24, கன அளவு 8, விகிதம் 3. பக்கம் 3 என்றால் 54-க்கு 27, விகிதம் 2. செல் பெரிதாகப் பெரிதாக, உள்ளே தேவைப்படுவதைக் கொண்டுவரும் சவ்வுப் பரப்பு போதாமல் போகிறது. "செல்கள் ஏன் சிறியவை?" என்ற கேள்விக்கு இந்த மூன்று வரிக் கணக்கைவிட நல்ல விடை கிடையாது.

படி 4: வகுப்பு நடக்கும்போது

ஆசிரியர் சொல்வதை முழு வாக்கியமாக எழுத முயலாதீர்கள். ஒவ்வொரு நுண்ணுறுப்புக்கும் நான்கு கேள்விகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எங்கே இருக்கிறது? எத்தனை சவ்வு? என்ன வேலை? எந்தச் செல்லில் இல்லை? விடைகளைத் துண்டு துண்டாக எழுதினால் போதும்.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலான நோட்டுகளில் காண முடிவதில்லை. அதுதான் எல்லாவற்றையும் மூன்றே குழுவில் அடக்குகிறது. இரட்டைச் சவ்வு உள்ளவை உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். ஒற்றைச் சவ்வு உள்ளவை எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, லைசோசோம், நுண்குமிழ். சவ்வே இல்லாதவை ரைபோசோம், சென்ட்ரியோல். சவ்வுள்ள நுண்ணுறுப்பு எதுவும் பாக்டீரியா போன்ற புரோகேரியோட்டு செல்லில் (சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லாத செல்) இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், "புரோகேரியோட்டு செல்லில் ரைபோசோம் மட்டும் எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. அந்த ரைபோசோம் 70எஸ் வகை. யூகேரியோட்டு செல்லின் (உட்கரு உள்ள செல்) சைட்டோபிளாசத்தில் இருப்பது 80எஸ். 70எஸ் ரைபோசோமின் இரு பாகங்கள் 50எஸ், 30எஸ். 50-ம் 30-ம் சேர்ந்தால் 80 அல்லவா, ஏன் 70 என்று யாராவது கேட்பார்கள். எஸ் என்பது எடையின் அலகல்ல, மையவிலக்கியில் துகள் படியும் வேகத்தின் அலகு. கூட்டிச் சொல்ல முடியாது. இதை ஒரு வரியில் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

நான்காவது கேள்வி தவறான நம்பிக்கைகளை உடைக்கும். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. தாவரத்தில் உணவைக் கடத்தும் புளோயத் திசுவின் முதிர்ந்த சல்லடைக் குழாய்க் கூறில் உட்கரு இல்லை. வெங்காயச் செதில் தோலிலும் வேர்ச் செல்லிலும் பசுங்கணிகம் இல்லை. பூக்கும் தாவரங்களின் செல்லில் சென்ட்ரியோல் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவோ தாவரச் செல்லிலும் உண்டு. இலை பகலில் மாவுப்பொருள் தயாரித்தாலும் அதை எரித்து ஆற்றல் எடுக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும்.

சுருக்கெழுத்து வேண்டும், ஆனால் கவனமாக. செல் சுவருக்கு "செ.சு", செல் சவ்வுக்கு "செ.ச" என்று வைத்தால் வேகமாக எழுதும்போது உகரக் குறி விட்டுப்போய் இரண்டும் ஒன்றாகிவிடும். சவ்வுக்கு "பி.ச", அதாவது பிளாஸ்மா சவ்வு என்று வையுங்கள். தவறவிட்ட இடத்தில் கேள்விக்குறி போட்டு மூன்று வரி விட்டு அடுத்ததற்குப் போங்கள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து ஒரு வரியை மீட்பதற்குள் அடுத்த நான்கு வரி போய்விடும்.

படி 5: நுண்ணுறுப்புகளை ஒரு பாதையாக இணைப்பது

தனித்தனி வேலைகளை எழுதிய பிறகு, அரைப் பக்கம் ஒதுக்கி ஒரு புரதத்தின் பயணத்தை அம்புக்குறிகளால் போடுங்கள். கணையச் செல் செரிமான நொதியை உருவாக்குவதை எடுத்துக்கொள்வோம். உட்கருவில் டி.என்.ஏ.வின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. உட்கருத் துளை வழியே அது வெளியேறுகிறது. சொரசொரப்பான எண்டோபிளாச வலையின் மேலுள்ள ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது. புரதம் வலைக்குள் சென்று மடிகிறது. சிறு குமிழில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போகிறது. அங்கே மாற்றம் பெற்று, தரம் பிரிக்கப்பட்டு, இன்னொரு குமிழில் பிளாஸ்மா சவ்வை அடைந்து வெளியே கொட்டப்படுகிறது. ஜார்ஜ் பலாடே இந்தப் பாதையைக் கணையச் செல்களில்தான் கண்டறிந்தார். 1974-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர்.

இந்த ஒரே பாதையில் ஆறு பாகங்கள் வந்துவிடுகின்றன. கோல்கைக்கு முன் எண்டோபிளாச வலையா, பின்னா என்ற குழப்பம் அதன்பின் வராது.

படி 6: படம்

படம் குறைந்தது 10 செ.மீ. உயரம் இருக்கட்டும். சிறிதாக வரைந்தால் பாகங்களுக்கு இடமின்றி எல்லாம் நடுவில் குவியும். ஒற்றைக் கோடாக வரையுங்கள். நிழல் தீட்ட வேண்டாம். குறிப்புக் கோடுகளை ஸ்கேலால், ஒன்றையொன்று வெட்டாமல், முடிந்தவரை வலப்பக்கமாக இழுங்கள். கோட்டின் முனை பாகத்தைத் தொட வேண்டும். அருகில் நின்றால் போதாது. பெயர்கள் ஒரே நேர்க்கோட்டில் வரட்டும்.

முதிர்ந்த தாவரச் செல்லில் உட்கருவை நடுவில் வரையும் பழக்கத்தை விடுங்கள். பெரிய மைய நுண்குமிழ் அதை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். செல் சுவரை இரண்டு கோடாகவும், அதன் உள்ளே ஒட்டினாற்போல் பிளாஸ்மா சவ்வை ஒரு கோடாகவும் போடுங்கள். சுவர் மட்டும் வரைந்து சவ்வை விட்டுவிடுவதுதான் தாவரச் செல் படத்தில் அடிக்கடி காணும் பிழை.

ஆய்வகத்தில் பார்த்து வரையும் படம் வேறு. அதில் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே வர வேண்டும். வெங்காயத் தோலுக்கு அயோடின் ஒரு சொட்டு விட்டால் உட்கரு தெளியும். கன்னச் செல்லுக்கு மெத்திலீன் நீலம். கறுத்த தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது செல் அல்ல, மூடுவில்லைக்கு (மாதிரியின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடி) அடியில் சிக்கிய காற்றுக் குமிழ். மூடுவில்லையை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்காமல் அப்படியே வைத்தால் அது வரும். கண்ணருகு வில்லை 10, பொருளருகு வில்லை 40 என்றால் நுண்ணோக்கியின் உருப்பெருக்கம் 400. உங்கள் படத்தின் உருப்பெருக்கம் அதுவல்ல. 60 மைக்ரோமீட்டர் செல்லை 6 செ.மீ. நீளத்துக்கு வரைந்திருந்தால், 6 செ.மீ. என்பது 60,000 மைக்ரோமீட்டர் என்பதால் 60,000-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும்: 1000 மடங்கு. இரண்டையும் படத்தின் கீழே தனித்தனியாக எழுதுங்கள்.

படி 7: அன்று மாலையும் அடுத்த வாரமும்

அன்றே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இடது பத்தியில் கேள்விகளை மட்டும் எழுத வேண்டும், விடைகளை அல்ல. "லைசோசோம்: வரையறை" என்று எழுதுவதால் பயனில்லை. "லைசோசோமின் நொதிகள் ஏன் செல்லையே செரித்துவிடுவதில்லை?" என்று எழுதுங்கள். அவை சவ்வுக்குள் அடைபட்டிருக்கின்றன; அமிலத்தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் சைட்டோபிளாசத்தில் கசிந்தாலும் வேகம் இழக்கும். நல்ல கேள்வி விடையையும் கூடவே இழுத்து வரும்.

அடிக்கட்டத்தில், நோட்டைப் பார்க்காமல் நான்கைந்து வரி. எழுத வராத இடம்தான் மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம்.

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்து, இடது கேள்விகளுக்கு வாய்விட்டு விடை சொல்லுங்கள். படங்களை இப்படிப் பார்க்கக் கூடாது, வெற்றுத்தாளில் வரைய வேண்டும். வரைந்ததை நோட்டோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பாகத்தை மட்டும் சிவப்பில் சேருங்கள். மூன்றாவது முறை சிவப்பே இல்லாமல் வரும்.

வகுப்புக்குப் போக முடியாத நாளில் நண்பரின் நோட்டை வாங்கினால், எழுத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். முதலில் அவருடைய படத்தை வரையுங்கள். பிறகு பாடநூலைத் திறந்து நான்கு கேள்விகளுக்கும் நீங்களே விடை நிரப்புங்கள். கடைசியாக அவருடைய பக்கத்தோடு ஒப்பிட்டு, பாடநூலில் இல்லாமல் ஆசிரியர் கூடுதலாகச் சொன்னதை மட்டும் வேறு மையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.